நிற்க முடியாத சூரையும் ஓட முடியாத கடற்குதிரையும்

கேள்வி இதுதான்: "சூரையும் கடற்குதிரையும் மீன்கள் என்றே பாடநூல்கள் சொல்கின்றன. ஒன்று ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து பெருங்கடல்களைக் கடக்கிறது. மற்றொன்று கடற்புல்லை வாலால் பிடித்துக்கொண்டு செங்குத்தாக நிற்கிறது. எதை வைத்து இரண்டையும் மீன் என்கிறோம்? உடலமைப்பில் இவை எங்கெல்லாம் வேறுபடுகின்றன?"

முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது. இரண்டுக்கும் முதுகெலும்பு உண்டு. இரண்டும் செவுளால் நீரிலிருந்து ஆக்சிஜனை எடுக்கின்றன. இரண்டின் இதயத்திலும் முக்கிய அறைகள் இரண்டுதான். துடுப்புகளை மெல்லிய எலும்புக் கதிர்கள் தாங்குகின்றன. சுறாவுக்கு இருப்பதுபோலக் குருத்தெலும்புக் கூடு அல்ல. இரண்டுக்கும் எலும்புக் கூடுதான். உறவுமுறை என்று பார்த்தால், சூரைக்குச் சுறா மிகத் தூரத்துச் சொந்தம், கடற்குதிரையோ கிட்டத்துச் சொந்தம். தோற்றத்தை வைத்துப் பழைய வகைப்பாட்டாளர்கள் இவற்றை வெகு தொலைவில் பிரித்து வைத்திருந்தார்கள். மரபணுவை ஒப்பிடத் தொடங்கியபின் சூரைகளின் கிளையும் கடற்குதிரைகளின் கிளையும் மர வரைபடத்தில் நெருங்கி வந்துவிட்டன. சால்மனையும் கெண்டையையும்விடச் சூரைக்குக் கடற்குதிரைதான் நெருக்கம். உருவ ஒற்றுமையை நம்பி உறவைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

வேறுபாடுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு வேறுபாடு இருக்கிறது. சூரை இரையைத் தேடிப் போகிறது. கடற்குதிரை இரை அருகில் வரும்வரை காத்திருக்கிறது. உடலின் ஒவ்வோர் உறுப்பும் இந்த இரண்டில் ஒரு தொழிலுக்காகச் செதுக்கப்பட்டிருக்கிறது. "சூரை", "கடற்குதிரை" என்று பொதுவாகப் பேசினால் பல இனங்கள் குழம்பிவிடும் என்பதால், ஒரு பக்கம் அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையையும் மறுபக்கம் ஹிப்போகாம்பஸ் குடா என்ற, இந்திய – பசிபிக் பெருங்கடல்களில் பரவலாக வாழும் கடற்குதிரையையும் எடுத்துக்கொள்கிறேன். தேவைப்படும் இடத்தில் மற்ற இனங்களும் வரும்.

சூரையால் நிற்க முடியாது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பெரும்பாலான மீன்கள் வாயைத் திறந்து மூடி, செவுள் மூடியை அசைத்து, நீரைச் செவுளுக்குள் தள்ளும். ஓரிடத்தில் அசையாமல் நின்றுகொண்டே மூச்சுவிட அவற்றால் முடிகிறது. சூரைக்கு அந்தத் திறன் இல்லாமல் போய்விட்டது. வாயைச் சற்றே திறந்தபடி முன்னோக்கி நீந்தினால்தான் நீர் உள்ளே புகுந்து செவுள் வழியாக வெளியேறும். நீந்துவதை நிறுத்தினால் மூச்சுத் திணறும். ஆகவே இரவும் பகலும், ஓய்வெடுக்கும்போதும்கூட, அது போய்க்கொண்டே இருக்கிறது. உடல் நீரைவிடக் கனமானது என்பதால், நின்றால் மூழ்கும் என்பதும் இன்னொரு நெருக்கடி. நீலத்துடுப்புச் சூரைக்காவது காற்றுப்பை இருக்கிறது. வரிச்சூரைக்கு அதுவும் கிடையாது. மார்புத் துடுப்புகளை இறக்கைகள்போல விரித்து, ஓட்டத்தின் வேகத்திலேயே அது தன்னை மேலே தாங்கிக்கொள்கிறது.

ஓயாமல் ஓடும் உடலுக்கு முதல் எதிரி நீரின் உராய்வு. சூரையின் வெளித்தோற்றம் முழுவதும் அந்த எதிரியைச் சமாளிக்கும் ஏற்பாடுதான். உடல் நடுப்பகுதியில் பருத்து இரு முனைகளிலும் கூம்பியிருக்கும். கண்கள் வெளியே துருத்தாமல் தலையின் பரப்போடு பரப்பாகப் பொருந்தியிருக்கும். முதுகின் மேல் ஒரு நீண்ட பள்ளம் உண்டு. வேகமெடுக்கும்போது முதல் முதுகுத் துடுப்பு, மடக்குக் கத்தி பிடிக்குள் போவதுபோல, அந்தப் பள்ளத்துக்குள் மடங்கி மறைந்துவிடும். மார்புத் துடுப்புகளும் பக்கவாட்டில் உள்ள குழிவில் படிந்துகொள்ளும். செதில்கள் மிகச் சிறியவை. தலைக்குப் பின்னால், மார்பைச் சுற்றி மட்டும் சற்றுப் பெரிய, தடித்த செதில்களாலான ஒரு பட்டை இருக்கிறது.

இரண்டாவது முதுகுத் துடுப்புக்குப் பின்னாலிருந்து வால்வரை பார்த்தால், மேலேயும் கீழேயும் சின்னச் சின்ன முக்கோணங்கள் வரிசையாக நிற்பது தெரியும். மஞ்சள் நிறத்தில், கரிய விளிம்போடு, ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும். மேல்வரிசையில் 8 முதல் 10 வரை, கீழ்வரிசையில் அதைவிட ஒன்றிரண்டு குறைவு. சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி ஆகியவை அடங்கிய குடும்பத்தின் அடையாளம் இந்தச் சிறுதுடுப்புகள்தான். வாலை நோக்கிப் பாயும் நீரோட்டத்தை ஒழுங்குபடுத்த இவை உதவுகின்றன என்று கருதப்படுகிறது. இவற்றுக்கு முன்னால் இருக்கும் இரண்டாவது முதுகுத் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருப்பதை 2017-இல் விளக்கினார்கள். நிணநீரை அழுத்தத்தோடு துடுப்புக்குள் செலுத்தி, அதன் நிமிர்வையும் கோணத்தையும் சூரை மாற்றுகிறது. கனரக இயந்திரங்களின் கைகளைத் தூக்க எண்ணெய் அழுத்தம் பயன்படும் அதே தத்துவம் இங்கே நிணநீரில் நடக்கிறது.

உந்துவிசை முழுவதும் வாலில்தான். விலாங்கு தன் உடல் முழுவதையும் வளைத்து நீந்தும். சூரையோ முன்னுடலை ஏறக்குறைய விறைப்பாக வைத்துக்கொண்டு, வாலை மட்டும் பக்கவாட்டில் வீசும். பிறை வடிவ வால் உயரமானது, குறுகியது, கெட்டியானது. அது உடலோடு சேரும் இடம் வியப்பூட்டும் அளவுக்கு ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுக்கத்தின் இரு பக்கமும் வரப்புபோல எலும்பு தாங்கிய மேடுகள் துருத்திநிற்கும். உடலின் நடுவில் உள்ள தசைகள் இழுக்கும் இழுப்பை நீண்ட தசைநாண்கள் இந்த ஒடுக்கத்தின் வழியே வாலுக்குக் கொண்டு சேர்க்கின்றன.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. சூரை மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் பாயும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். இந்த எண்ணுக்கு வலுச்சேர்த்தது 1964-இல் வெளியான ஓர் அளவீடு. தூண்டிலில் சிக்கிய மஞ்சள்துடுப்புச் சூரை இழுத்துச் சென்ற நூலின் வேகத்தைக் கணக்கிட்டு, சில விநாடிகளுக்கு மட்டும் மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர் என்றார்கள். எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கை குறைவு. விநாடிக்கு 10 முதல் 15 மீட்டர் வேகத்தைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டிய நீரில் வாலைச் சுற்றி ஆவிக் குமிழிகள் உண்டாகி வெடிக்கும்; அது வாலைச் சிதைக்கும் என்று 2008-இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. அதாவது மணிக்கு 36 முதல் 54 கிலோமீட்டர்வரைதான் நியாயமான உச்சம். அதுவும் சில கணங்களுக்கு மட்டுமே. சூரையின் உண்மையான பெருமை உச்ச வேகத்தில் இல்லை, களைக்காமல் மாதக்கணக்கில் போவதில் இருக்கிறது.

அந்தக் களையாமைக்குக் காரணம் அதன் உள்ளே இருக்கிறது. சூரையைக் குறுக்காக வெட்டினால், முதுகெலும்பின் இரு பக்கமும் கருஞ்சிவப்பாக ஒரு தசைத்துண்டு தெரியும். ஓயாமல் உழைப்பது அந்தத் தசைதான். ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மையோகுளோபின் நிறைந்திருப்பதால் அத்தனை சிவப்பு. மற்ற மீன்களில் இந்தச் சிவப்புத் தசை தோலுக்கு அடியில் மெல்லிய பட்டையாக ஓடும். அங்கே உண்டாகும் வெப்பம் உடனே நீரில் கரைந்துபோகும். சூரையில் அது உடலின் ஆழத்துக்குப் போய்விட்டது.

ஆழத்துக்குப் போனால் மட்டும் போதாது. மீனின் இரத்தம் ஒவ்வொரு சுற்றிலும் செவுளுக்குப் போயாக வேண்டும். அங்கே அதற்கும் கடல்நீருக்கும் இடையே இருப்பது மெல்லிய சவ்வு மட்டுமே. எவ்வளவு சூடான இரத்தமும் அங்கே நீரின் வெப்பநிலைக்கு இறங்கிவிடும். பெரும்பாலான மீன்கள் குளிர்ந்த உடலோடு வாழ்வது இதனால்தான். சூரை இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. செவுளிலிருந்து குளிர்ந்து வரும் இரத்தக் குழாய்களும், தசையிலிருந்து சூடாகத் திரும்பும் குழாய்களும் மயிரிழைகளாகப் பிரிந்து, ஒன்றையொன்று ஒட்டியபடி எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. வெளியேறும் இரத்தம் தன் வெப்பத்தை உள்ளே வரும் இரத்தத்திடம் கொடுத்துவிட்டு, குளிர்ந்த நிலையில் செவுளுக்குப் போகிறது. வெப்பம் செவுளை எட்டுவதே இல்லை. அது தசைக்குள் சுழன்றுகொண்டே இருக்கிறது. 1960-களில் பிரான்சிஸ் கேரி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் நீலத்துடுப்புச் சூரைகளின் தசை வெப்பத்தை அளந்து இதை உறுதிப்படுத்தினார்கள். குளிர்ந்த கடலில் அதன் தசை, சுற்றியுள்ள நீரைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் சூடாக இருக்கும். கண், மூளை, செரிமான உறுப்புகள் ஆகியவற்றுக்கும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. சூடான கண்ணால் வேகமாக நகரும் இரையைத் தெளிவாகப் பார்க்கலாம். சூடான வயிற்றால் விரைவாகச் செரிக்கலாம்.

இதில் விடுபட்டுப்போனது இதயம். செவுளுக்குப் போகும் வழியில், வெப்பத்தைப் பறிகொடுத்தபின் வரும் இரத்தம்தான் இதயத்துக்குள் நுழைகிறது. ஆகவே உடல் சூடாக இருக்க, இதயம் மட்டும் கடல்நீரின் குளிரிலேயே துடிக்கிறது. ஆழத்துக்கு இறங்கும்போது அதன் துடிப்பு மெதுவாகிறது. ஒரு சூரை குளிர்நீரில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதை நிர்ணயிப்பதில் இந்தக் குளிர்ந்த இதயத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

கடற்குதிரைக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. அதன் உடல் வெப்பம் நீரின் வெப்பம்தான். அது மிச்சம்பிடிக்க நினைப்பது வெப்பத்தை அல்ல, அசைவை.

தலையிலிருந்து தொடங்கலாம். மற்ற மீன்களில் தலையும் உடலும் ஒரே கோட்டில் இருக்கும். இங்கே தலை கழுத்திலிருந்து ஏறக்குறையச் செங்கோணத்தில் மடங்கியிருக்கிறது. உச்சியில் ஒரு கொண்டை. அதன் வடிவம் ஆளுக்கு ஆள் மாறுபடும். கண்கள் இரண்டும் தனித்தனியாகச் சுழலும். ஒரு கண் இரையைக் கவனிக்கும்போது மறுகண் பின்புறத்தைப் பார்க்கும். உடலில் செதிலே கிடையாது. மெல்லிய தோலுக்கு அடியில் எலும்புத் தகடுகள் ஒன்றோடொன்று கோத்து வளையங்களாக நிற்கின்றன. ஹிப்போகாம்பஸ் குடாவுக்கு உடற்பகுதியில் 11 வளையங்கள், வாலில் 36 அளவில். இனங்களைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் இந்த வளையங்களைத்தான் எண்ணுகிறார்கள். கவசம் பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் உடலை வளைத்து நீந்த விடாது. நீந்தும் திறனைக் கொடுத்துவிட்டுக் கவசத்தை வாங்கிக்கொண்ட உடல் இது.

துடுப்புக் கணக்கிலும் குறைதான். வால் துடுப்பு இல்லை, இடுப்புத் துடுப்பு இல்லை, குதத் துடுப்பு இருந்தும் இல்லாததுபோல மிகச் சிறியது. உந்தித் தள்ளுவதற்கு இருப்பது முதுகில் விசிறிபோல ஒரே ஒரு துடுப்பு. கதிர்கள் 17 அல்லது 18. அது விநாடிக்கு 30 தடவைக்கு மேல் துடிப்பதால், வெறும் கண்ணுக்கு நீரில் ஒரு மங்கலான அதிர்வாக மட்டுமே தெரியும். தலைக்குப் பின்னால் காதுமடல்போல இருக்கும் இரண்டு மார்புத் துடுப்புகள் திசை திருப்ப உதவும். காற்றுப்பை உடலைச் செங்குத்தாக, வேண்டிய உயரத்தில் நிறுத்தி வைக்கும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அதனால் போக முடிவது நத்தை வேகத்தில்தான். உலகின் மிக மெதுவான மீன் என்ற கின்னஸ் பதிவு குள்ளக் கடற்குதிரையின் பெயரில் இருக்கிறது.

வாலை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். விலங்குகளின் வால் பெரும்பாலும் உருளையாக இருக்கும்; கடற்குதிரையின் வாலைக் குறுக்காக வெட்டினால் கிட்டத்தட்டச் சதுரம் தெரியும். ஒவ்வொரு வளையமும் நான்கு மூலைத் தகடுகளால் ஆனது. அவை மூட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். சதுரம் ஏன் என்ற கேள்விக்கு 2015-இல் ஓர் ஆய்வுக் குழு முப்பரிமாண அச்சில் சதுர வால் ஒன்றையும் உருளை வால் ஒன்றையும் செய்து, இரண்டையும் நசுக்கியும் முறுக்கியும் பார்த்தது. சதுர வால் நசுக்குதலைக் கூடுதலாகத் தாங்கியது. விட்டதும் பழைய வடிவத்துக்கு எளிதில் திரும்பியது. தட்டையான பக்கங்கள் புல்லின் தண்டோடு கூடுதலான பரப்பில் ஒட்டுவதால் பிடியும் உறுதியாகிறது. நண்டும் பறவையும் கொத்தி நசுக்கப் பார்க்கும் உயிருக்கு இவை இரண்டும் பெரிய உதவி. சூரைக்கு வால் ஓடுவதற்கு, கடற்குதிரைக்கு வால் ஓடாமல் இருப்பதற்கு.

இவ்வளவு மெதுவான உயிர் எப்படிச் சாப்பிடுகிறது? அதன் முக்கிய உணவான கோபிபாடுகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள மிதவை உயிரிகள். நீரில் மிகச் சிறிய சலனம் ஏற்பட்டாலும் உணர்ந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் துள்ளி ஓடிவிடும். கடற்குதிரை துரத்துவதில்லை. தலையைத் தாழ்த்தி, நீண்ட குழாய் போன்ற மூக்கை மெல்ல மெல்ல முன்னே நகர்த்துகிறது. அந்த மூக்கின் வடிவம் எப்படி அமைந்திருக்கிறது என்றால், தலை நகர்ந்தாலும் மூக்கு நுனிக்குச் சற்று மேலே உள்ள நீர் ஏறக்குறைய அசையாமலே இருக்கும். கோபிபாடு இருப்பது சரியாக அந்த இடத்தில். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும்போது, கழுத்தின் பின்புறத் தசைநாண்களில் இழுத்துப் பூட்டிவைத்திருந்த விசை விடுபடும். தலை மேல்நோக்கிச் சுழலும்; குழாய் இரையை எட்டும்; வாய்க்குள் உண்டாகும் உறிஞ்சு விசை இரையை உள்ளே இழுத்துவிடும். எல்லாம் விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில். அசைவற்ற நீரில் குள்ளக் கடற்குதிரை பத்துக்கு ஒன்பது முயற்சிகளில் வெற்றி பெறுகிறது என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிங்கத்துக்கும் சூரைக்கும் இத்தகைய வெற்றி விகிதம் எட்டாக்கனி.

தாடைகள் குழாயாக இணைந்துவிட்டதால் பல் இல்லை. இரைப்பையும் இல்லை, உணவு நேரே குடலுக்குப் போய், அரைகுறையாகச் செரித்து விரைவில் வெளியேறிவிடும். ஆகவே பகல் முழுவதும் அடிக்கடி தின்றுகொண்டே இருக்க வேண்டும். சூரைக்கோ சிறு கூம்புப் பற்களும் நல்ல இரைப்பையும் உண்டு. மத்தியையும் கணவாயையும் முழுதாக விழுங்கி, சேர்த்து வைத்துச் செரித்துக்கொள்ளும். கடற்குதிரை எதை எப்படி இழந்தது என்பதற்கு 2016-இல் வெளியான ஒரு கடற்குதிரை இனத்தின் மரபணுத் தொகுப்பு ஓரளவு விடை சொன்னது. பல்லின் எனாமல் உருவாகத் தேவையான மரபணுக்கள் அதில் காணாமல் போயிருந்தன. மற்ற முதுகெலும்பிகளில் பின்னங்கால் உருவாகத் துணைபுரியும் டிபிஎக்ஸ்4 என்ற மரபணுவும் இல்லை. அதே மரபணுவை வரிக்குதிரை மீனில் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். அதற்கும் இடுப்புத் துடுப்பு முளைக்கவில்லை.

செவுளைப் பற்றிச் சுருக்கமாக: சூரையின் செவுள் பரப்பு எலும்பு மீன்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று, அதன் சவ்வும் மிக மெல்லியது. கடற்குதிரையின் செவுள் குஞ்சம் குஞ்சமாகச் சுருண்டு, செவுள் மூடிக்கு அடியில் அடங்கியிருக்கும். நீர் வெளியேற மேலே ஒரு சிறு துளைதான். செலவு குறைந்த வாழ்க்கைக்கு அது போதும். நிறத்திலும் இதே பிரிவினை. சூரைக்கு முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து பார்த்தாலும் கீழிருந்து பார்த்தாலும் திறந்த கடலில் கலந்துவிடும். கடற்குதிரை சூழலுக்கேற்ப நிறத்தை மாற்றும், சில இனங்கள் தோலில் பாசி இழைகள்போல நீட்சிகளையும் வளர்த்துக்கொள்ளும்.

ஆண், பெண் வேறுபாடு சூரையில் வெளியே தெரியாது. கடற்குதிரையில் ஆணின் வயிற்றுக்குக் கீழே, வாலின் தொடக்கத்தில் உள்ள பையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெண் தன் முட்டைகளை அந்தப் பைக்குள் இட்டுவிடுகிறது. கருவுறுவதும் வளர்வதும் ஆணின் உடலுக்குள். பையின் உட்சுவரில் இரத்தக் குழாய்கள் பெருகி, கருக்களுக்கு ஆக்சிஜனைக் கொடுக்கின்றன. உள்ளே இருக்கும் திரவத்தின் உப்புத்தன்மையும் மெல்லக் கடல்நீரை நோக்கிச் சரிசெய்யப்படுகிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள், சில இனங்களில் ஆயிரத்துக்கும் மேல், பையிலிருந்து உந்தித் தள்ளப்படுகின்றன. அதன்பிறகு தந்தைக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.

சூரை கோடிக்கணக்கில் முட்டைகளைத் திறந்த கடலில் விட்டுவிட்டுப் போய்விடும். முட்டையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் அளவு. பொரிந்து வரும் குஞ்சு மூன்று மில்லிமீட்டர். பிறக்கும் கடற்குதிரைக் குஞ்சோ பெரும்பாலும் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நீளமானது, உருவத்திலும் பெரியதன் சிறு நகலாகவே இருக்கும். சூரைக் குஞ்சு எந்த வகையிலும் சூரைபோல இருக்காது: பெரிய தலை, அகன்ற வாய், மெலிந்த உடல். மற்ற மீன்களின் குஞ்சுகளையும், கிடைத்தால் தன் கூடப்பிறந்தவற்றையும் விழுங்கித்தான் அது வளர்கிறது. 1979-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா அருகே தூண்டிலில் பிடிபட்ட 679 கிலோ சூரையும் ஒருநாள் இந்த மூன்று மில்லிமீட்டரில் தொடங்கியதுதான். மேலே சொன்ன சூடான தசையும் அப்போது இருக்காது. அவ்வளவு சிறிய உடலில் வெப்பம் தங்காது. ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்த பிறகுதான் அது சுற்றியுள்ள நீரைவிடச் சூடாகத் தொடங்குகிறது.